பதினேழாம் எண் கழுத்துப்பட்டை

சீக்ஸெரெடா, ஏப்ரல் 22

தம்பி விலிக்கு,

டொமொகோஷை, உன் டொமியை, வியாழக்கிழமை புதைத்துவிட்டோம். சனிக்கிழமை ஐஸில் விழுந்தவன், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். ஒரு தடவைகூடக் கண் திறக்கவில்லை. செவ்வாய் காலையில் முடிந்தது.

இதைப் போனில் சொல்லியிருப்பேன். நான்கு தடவை கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பட்டென்று வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிறதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

கல்யாணமாகாதவனை எப்படி அனுப்புவோமோ அப்படித்தான் அனுப்பினோம். மாப்பிள்ளைக் கோட்டு, மார்பில் ரோஸ்மேரிக் கொத்து. பின்னால் ஐடா வெள்ளை கவுனில் நடந்தாள். செப்டம்பரில் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளத் தைத்து வைத்திருந்த அதே கவுன். கீழ்ப்பக்கம் சேறாகிவிட்டது, அவள் தூக்கிப் பிடிக்கவே இல்லை. தலைமாட்டில் பைன் மரம் நட்டாயிற்று.

மாப்பிள்ளைத் தோழன் இடம் காலியாக இருந்தது. கல்யாணத்தில் தோழன் தூக்குகிற, நாடா கட்டிய கோலை வாங்கிக்கொள்ள ஆறு பேர் வந்தார்கள், எல்லாரும் ஹாக்கி அணிக்காரர்கள். டெனெஷ் மாமா ஒருவரிடமும் கொடுக்கவில்லை. "அதுக்கு ஆள் சொல்லியாச்சு"ன்னு ஒரே பதில். பெற்ற பிள்ளையைப் புதைக்கிற மனுஷனிடம் யார் வாதாடுவது? கோலைச் சவப்பெட்டியின் மேல் படுக்க வைத்தார். பெட்டிக்கு வலது பக்கம் ஒரு ஆள் நடக்கிற அளவு இடத்தை விட்டுவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் கூட்டம் நடந்தது. மயானம் வரைக்கும் அந்த இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை.

ஊர் என்ன பேசுகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டு அணி தோற்று மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எட்டு நாடு வந்து ஆடின போட்டி, கடைசி இடத்துக்கு நீங்களா நாங்களா என்று மோதின ஆட்டம், நாடு வேறானாலும் இரண்டு பெஞ்சிலும் வசவு ஒரே ஹங்கேரிய மொழியில். நாற்பது நிமிஷம் ஐஸிலிருந்து ரத்தத்தைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றி, மறுபடி ஆடு என்றார்கள். ஆடினார்கள். இதெல்லாம் பெரிதில்லை. நீ அன்றைக்கே பஸ் ஏறிப் போனாயே, அதைத்தான் பேசுகிறார்கள். ஹங்கேரிக்கு ஆடப் போனபோது உன்னைத் துரோகி என்றார்கள். இப்போது ஓடினவன் என்கிறார்கள். முன்னது பரவாயில்லை என்று எனக்கே தோன்றுகிறது.

வந்துவிடு. ஒரு நாள் வந்து டெனெஷ் மாமா முன்னால் நின்றுவிட்டுப் போ. செலவு என்னுடையது.

அம்ப்ருஷ்


புடாபெஸ்ட், மே 4

அண்ணா,

படித்தேன். கிழிக்கவில்லை.

நான் ஓடவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். ஜெர்சியோடு. உள்ளே டெனெஷ் மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தொப்பியைக் கையில் வைத்து விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கதவைத் தள்ள முடியவில்லை. திரும்பினேன். பஸ் நின்றிருந்தது. அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன். மூலையில் வட்டு சிக்கியது. நான் முதலில் போனேன். அவன் என் முதுகில் இடித்தான், சரியான இடிதான், தப்பு இல்லை. நான் முன்னால் கவிழ்ந்தேன், என் கால் பின்னால் எழும்பியது. அவன் என் மேல் விழுந்துகொண்டிருந்தான். காலில் ஏதோ தட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. எழுந்து வட்டைத் தேடினேன் அண்ணா. அவன் முழங்காலில் நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், நான் வட்டைத் தேடுகிறேன்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் நடுவட்டத்தில் எதிரெதிரே நின்றோம். அவன் சிரித்தான்.

"என்னடா மாப்ள, கழுத்துல புதுசு? எங்க பெட்டி இன்னும் சுங்கத்துலயே கெடக்குதாம். ஹங்கேரிக்காரன் கழுத்துன்னா மட்டும் சுங்கம் வழி விடுமா?"

நான் சொன்னேன்: "போடா, உன் கழுத்து மாட்டுக் கழுத்து. எந்தப் பட்டையும் பத்தாது."

"செப்டம்பர்ல கோல் தூக்கற கை. இன்னிக்கு ஒடச்சிட மாட்டேன், பயப்படாத."

நடுவர் விசில் ஊதினார். அவன் என்னிடம் பேசின கடைசி வார்த்தை அது. நான் அவனிடம் பேசின கடைசி வார்த்தை மாட்டுக் கழுத்து.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். அன்று காலை நீதான் என் ஸ்கேட்ஸ் பிளேடுக்குச் சாணை பிடித்தாய். வழக்கத்தைவிடக் கூராக்கினாயா? "தம்பிக்கு ஸ்பெஷல்" என்று சொன்னாய். அது என்ன ஸ்பெஷல்?

ஆடுவதை விட்டுவிட்டேன். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன்.

விலி


சீக்ஸெரெடா, மே 13

தம்பி,

பிளேடை வழக்கம் போலத்தான் பிடித்தேன். உன் எடைக்கு, உன் காலுக்கு பிளேடின் அடியில் என்ன குழிவு வைப்பேனோ அதே குழிவு. ஸ்பெஷல் என்றால் காசு வாங்கவில்லை என்று அர்த்தம், வேறு ஒன்றும் இல்லை. அன்று காலை பதினெட்டு ஜோடிக்குச் சாணை பிடித்தேன். பாதி உங்கள் ஆட்கள், பாதி நம் பையன்கள். நம்முடைய ஊரில் வேறு யாரிடம் போவார்கள்? ஸ்கேட்ஸ் பிளேடு எல்லாமே அறுக்கும். அறுக்காத பிளேடில் ஒருவனும் ஐஸில் நிற்க முடியாது. நீயும் நானும் பிறந்ததிலிருந்து இது தெரியும். மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

ஐஸில் நடந்ததை ஐஸ் செய்தது. ஒரு பன்றியைக் கொடுத்து முதல் சாணை எந்திரத்தை வாங்கினவன் நான். பதிமூன்று வருஷமாகப் பிளேடு பார்க்கிறேன். விழுகிறவன் கால் எங்கே போகும் என்று விழுகிறவனுக்கே தெரியாது.

பிளேடு படாமல் கழுத்தைக் காக்கிற அந்தப் பட்டை விஷயம் கேட்டாய். கேட்கவில்லை, டொமி சொன்னதைச் சொன்னாய். நம் அணிக்கு வரவேண்டிய பெட்டி சுங்கத்தில் நின்றுவிட்டது. வந்திருந்தால் கொடுத்திருப்பேன். உங்கள் பட்டை எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது. ஸ்வீடன் சரக்கு யாருக்கும் கிடைக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் பட்டை கட்டாயமும் இல்லை. அவனவன் இஷ்டம்.

டெனெஷ் மாமாவைப் பார்த்தேன். கல்லறைக்குக் கல் நான் போடுகிறேன் என்றேன். "கல்லு வேணாம், எங்க மரத்துல நானே செதுக்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். நான் நின்றேன். பிளந்துகொண்டே இருந்தார்.

உன் அண்ணி பிரோஷ்கா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறாள், போகிறாள். துக்கம் என்று நினைக்கிறேன், டொமி அவள் கைச் சோற்றில் வளர்ந்தவன் மாதிரிதானே. உனக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், அனுப்புகிறேன்.

கிடங்கு வேலை உனக்கு வேண்டாம். இங்கே வந்து கடையில் நில். பாதிப் பங்கு தருகிறேன்.

அம்ப்ருஷ்


புடாபெஸ்ட், ஜூன் 3

அண்ணா,

காலுறை வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஆட்டப் பையைத் திறந்தேன். அன்றிலிருந்து கதவுக்குப் பின்னால் கிடந்தது, நாற்றம் எடுக்க ஆரம்பித்துவிட்டது. எல்லாவற்றையும் துவைத்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

கழுத்துப்பட்டையை உள்பக்கம் திருப்பினேன். சிவப்பு நூலில் 17 என்று தைத்திருக்கிறது.

என் எண் 8. எங்கள் அணியில் பதினேழு போட்டவன் வேறு ஒருவன், அவன் கழுத்துப்பட்டை கட்டுவதே இல்லை. நம் அணியில் பதினேழு யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

அந்தத் தையல் எனக்குத் தெரியும். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு, கோட்டின் முனையில் ஒரு முடிச்சு. என் பள்ளிக்கூடக் கையுறை எல்லாவற்றிலும் அண்ணி அப்படித்தான் தைத்துக் கொடுத்தாள்.

எங்கள் சாமான் பொறுப்பாளரிடம் போனேன். அவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? "ஆட்டத்தன்னிக்குக் காலைல உங்க அண்ணன் வண்டி நிறுத்தற எடத்துல வச்சு வித்தாருப்பா. இருபத்திரண்டு. ஒண்ணு நாலாயிரத்து இருநூறு ஃபோரிண்ட். நம்பர் தச்சிருக்குதேன்னு கேட்டேன், பிரிச்சுக்கோங்கன்னாரு. யாருக்கு நேரம்? அளவு பாத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்" என்றார். சொல்லும்போது அவருக்கே புரிந்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டார்.

சுங்கத்தில் நின்ற பெட்டி.

அவன் பட்டையைக் கட்டிக்கொண்டு அவன் கழுத்தை அறுத்திருக்கிறேன். இந்த ஏழு வாரமும் நான் பிளேடை நினைத்துக்கொண்டு கிடந்தேன். உன்னிடம் கேட்டேன். ஐஸ் செய்தது என்று எழுதினாய். கை கூசவில்லையா உனக்கு?

அவன் கேட்டானே அண்ணா. நடுவட்டத்தில் நின்று சிரித்துக்கொண்டே கேட்டானே. அவனுக்குத் தெரிந்துதான் கேட்டானா?

விலி


சீக்ஸெரெடா, ஜூன் 11

விலி,

ஆமாம்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். பூசி மெழுகப் போவதில்லை.

பெட்டி ஏப்ரல் 10ஆம் தேதியே வந்துவிட்டது. நல்ல சரக்கு, கத்தியால் இழுத்துப் பார்த்தேன், கீறல் விழவில்லை. நம் அணிக்கு என்று சொல்லித்தான் வரவழைத்தேன். பிரோஷ்கா இரண்டு ராத்திரி உட்கார்ந்து எண் தைத்தாள், துவைக்கும்போது மாறிப்போகக் கூடாது என்று. சமையலறை மேஜையில்தான் பெட்டி இருந்தது.

நம் அணிக்காரர்கள் பணத்தை இலையுதிர் காலத்தில் லெய்யில் தருகிறோம் என்றார்கள். இலையுதிர் காலத்துக்குள் லெய்யின் மதிப்பு பாதியாகிவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டத்தன்று காலை உங்கள் ஆள் சாணைக்கு ஸ்கேட்ஸ் கொண்டுவந்தார். பட்டை இருக்கிறதா என்று கேட்டார். அவர் கையில் ஹங்கேரி ஃபோரிண்ட் இருந்தது, மடிக்காத நோட்டு. நான் யோசித்தது எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு ஜோடிக்குச் சாணை பிடிக்கிற நேரம்கூட இல்லை. வீட்டுக்குப் போனேன், பெட்டியைத் தூக்கினேன். அணிக்குத்தானே கொண்டுபோகிறேன் என்று பிரோஷ்கா கதவைத் திறந்துவிட்டாள். நம் பையன்களிடம் சுங்கத்தில் நிற்கிறது என்று முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தேன், அப்போது சும்மா, பணத்துக்கு அவசரப்படுத்துவதற்காக. அந்தப் பொய் கைவசம் தயாராக இருந்தது.

இருபது வருஷமாக ஆட்டம் பார்க்கிறேன், ஒருத்தன் கழுத்து அறுபட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த பெட்டி மே மாதம் வரும், அது நம் பையன்களுக்கு என்று கணக்குப் போட்டேன்.

விற்றதில் உனக்கும் ஒன்று போகும், என் தம்பி கழுத்துக்குக் காவல் என்று நினைத்தேன் என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அது பிறகு வந்த யோசனை. டொமி விழுந்த பிறகு, பிரோஷ்காவுக்குச் சொல்வதற்காக நானே உண்டாக்கினது. பணத்துக்காகத்தான் விற்றேன். அன்று நீ என் நினைப்பிலேயே இல்லை.

அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. அவள் ஆட்டத்துக்கு வந்திருந்தாள் விலி. நம் பையன்கள் வெறும் கழுத்தோடு ஐஸில் இறங்கினதை முதல் நிமிஷமே பார்த்துவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே எழுந்து போய்க் கத்தியிருந்தால் என்ன என்று அவள் தன்னைத் தின்றுகொண்டிருக்கிறாள். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

டொமிக்குத் தெரிந்ததா என்று கேட்டாய். அவன் மடையன் இல்லை. பதினைந்து வயதிலிருந்து என் கடையில் சரக்கு இறக்கினவன். ஸ்வீடன் பட்டையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வான். தெரிந்துதான் சிரித்திருக்கிறான். என்னைப் பற்றி அவன் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது உனக்கும் தெரியும். என்ன செய்யலாம் சொல். டெனெஷ் மாமாவுக்குத் தெரிந்து யாருக்கு என்ன லாபம்? பிள்ளை போன துக்கத்தோடு இந்தக் கசப்பும் எதற்கு? யோசி.

அம்ப்ருஷ்


புடாபெஸ்ட், ஜூன் 24

அண்ணா,

லாபம் என்று எழுதியிருக்கிறாய். டெனெஷ் மாமா பெயர் இருக்கிற அதே வரியில்.

யோசித்தேன். நீ போய் அவரிடம் சொல். ஆகஸ்டுக்குள் சொல்லவில்லை என்றால் நான் பட்டையை அவர் வீட்டு விலாசத்துக்கு அனுப்புவேன். கூட ஒரு சீட்டும் வைக்க மாட்டேன். அது யார் தையல் என்று அவர் மனைவிக்கும் தெரியும்.

நீ எனக்குத் தகப்பன் மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். முதல் ஸ்கேட்ஸ் நீதான் வாங்கிக் கொடுத்தாய், இரண்டு அளவு பெரிது, முன்னால் துணி அடைத்துப் போட்டேன். "அடுத்த வருஷமும் ஓடும்"ன்னு சொன்னாய். அதில்தான் டொமியோடு ஆற்றில் ஆடக் கற்றுக்கொண்டேன். ஓல்ட் ஆற்றில், பனி விரிசல் விட்ட இடத்தில் அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். உனக்கு அது தெரியாது. ஈரத்தோடு வந்தால் அடிப்பாய் என்று அவன் வீட்டில் உலர்த்திக்கொண்டு வந்தேன். டெனெஷ் மாமாதான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கேள்வியே கேட்கவில்லை.

பெட்டி அடுக்குகிறேன். ஒரு நாளைக்கு நானூறு. மேலே தூக்கும்போது தலை பின்னால் சாயும், கழுத்து வெளியே தெரியும். பக்கத்தில் இருக்கிறவன் கழுத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

சொல் அவரிடம்.

விலி


சீக்ஸெரெடா, ஜூலை 19

விலி,

சொல்லிவிட்டேன். நேற்று.

புல் அறுக்கிற காலம், ஊரில் யாரும் வீட்டில் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு மேட்டுப் புல்வெளிக்கு ஏறினேன். டெனெஷ் மாமா தனியாக அறுத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் வரைக்கும் அந்த மேட்டை அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அறுப்பார்கள்.

"என்னப்பா, கடைக்காரரு மலை ஏறியிருக்கீரு? புல்லு வெல கேக்கவா?"

"ஒண்ணு சொல்லணும் மாமா."

"அருவா நிக்காது. நடந்துக்கிட்டே சொல்லு."

அவர் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொன்னேன். அரிவாள் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி. பெட்டி வந்தது, எண் தைத்தது, நோட்டு, வண்டி நிறுத்தும் இடம். உன் கழுத்தில் இருந்தது அவன் பட்டை என்பதையும் சொன்னேன். மூன்று வரிசை முடிந்தது. அவர் ஒரு வீச்சுகூடத் தவறவில்லை. கடைசியில் நின்றார். இடுப்பில் கட்டிய தண்ணீர்க் கொம்பிலிருந்து ஈரச் சாணைக் கல்லை எடுத்து அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார். பதிமூன்று வருஷமாக எனக்குச் சோறு போடுகிற சத்தம் அது. நேற்று என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எத்தனைக்கு?"

"நாலாயிரத்து இருநூறு ஃபோரிண்ட், மாமா."

"எல்லாம் சேத்தா?"

"ஒண்ணு."

மனசுக்குள் மாற்றிப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஒரு ஆட்டுக்குட்டி வராது அதுல" என்றார்.

நான் ஆரம்பித்துவிட்டேன் விலி, என்னை அறியாமலே. ஐடாவுக்கு ஒரு தொகை, அவருக்குக் குளிர்கால விறகு, மேலே கடையில் பங்கு. அவர் கையைத் தூக்கினார்.

"யாவாரம் பண்ண வந்தியா?"

"இல்ல மாமா."

"பண்ணித்தான் ஆகணும். உனக்கு வேற எது தெரியும்? உக்காரு. எம்புள்ளைக்கு வெல நான் சொல்றேன். பேரம் கெடையாது."

உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

அந்தப் பட்டையைக் கடைக் கண்ணாடியில் மாட்ட வேண்டும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, எண் தெரிய. நான் விற்ற விலையை எழுதி அதில் தொங்கவிட வேண்டும். அதை யாருக்கும் விற்கக் கூடாது. யார் என்னவென்று கேட்டாலும், முதலிலிருந்து கடைசி வரைக்கும் நானே சொல்ல வேண்டும். பிரோஷ்கா சொல்லக் கூடாது, கடை ஆள் சொல்லக் கூடாது. கடை இருக்கிற வரைக்கும்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? பேரம் இல்லை என்று சொன்னவரிடம், "உள்ள செவுத்துல மாட்டட்டுமா மாமா? கண்ணாடியில வேணாமே" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"தெருவப் பாத்து" என்றார்.

அப்புறம் உன்னைக் கேட்டார். "அவன் எங்க?" கிடங்கில் பெட்டி அடுக்குகிறான் என்றேன்.

"எதுக்கு ஒளியறான்? கால் எழும்புனதுக்கா? அத நான் பாத்தேன். எம்புள்ளதான் இடிச்சான். அதுக்கு அவன்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்ல. கோலு தூக்கறேன்னு வாக்குக் குடுத்தானே, அதுக்கு வரணும். எம்புள்ள வருஷத்தன்னிக்கு வரட்டும். கோலு எடுத்துக்கிட்டு வலது பக்கம் நடக்கட்டும். அந்த எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு."

வருவானா என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"உன்ன கேக்கல. அவனுக்கு எழுது."

எழுதிவிட்டேன்.

நான் எழுந்தபோது, "எறங்கறப்ப அறுக்காத புல்ல மிதிக்காத" என்றார். மன்னிப்பு என்ற பேச்சு அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரிவாளை எந்தப் பக்கம் வீசியிருப்பாரோ.

பட்டையை அனுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பு, தொலைந்தால் நான் மறைத்தேன் என்பார்கள்.

அம்ப்ருஷ்


புடாபெஸ்ட், ஆகஸ்ட் 5

அண்ணா,

பட்டையை இதோடு அனுப்புகிறேன். துவைக்கவில்லை. துவைக்க எடுத்தேன், தண்ணீரில் போட முடியவில்லை. என் வியர்வைதான், வேறு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

கடையை மூடிவிட்டால் நிபந்தனை போய்விடும் என்று உனக்குத் தோன்றியிருக்கும். எனக்கு உன்னைத் தெரியும். மூடாதே.

வருஷத்துக்கு வருவேனா என்று கேட்காதே. அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்தவன் நான். கோலின் நாடாவெல்லாம் எப்படி இருக்கிறது? கறுப்பு கட்டினார்களா, கல்யாண நாடாவையே விட்டார்களா? அதை மட்டும் எழுது.

அண்ணியிடம், ஏழின் குறுக்குக் கோடு பிரியவில்லை என்று சொல்.

விலி


சீக்ஸெரெடா, செப்டம்பர் 2

தம்பி விலி,

பட்டை வந்தது. ஐஸ் போடுவதற்கு முன் மாட்டிவிட வேண்டும் என்று இருந்தேன். நேற்று ஐஸ் தளத்தைத் திறந்தார்கள், முந்தின நாள் மாட்டினேன்.

மூடலாம் என்று தோன்றியது உண்மைதான். பிராஷோவில் ஒருவனிடம் விலைகூடக் கேட்டேன். நல்ல விலை சொன்னான். நீ எழுதின அந்த வரிக்குப் பிறகு அவனுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடியில் கம்பி கட்டி, உள்பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பினேன். விலைச் சீட்டு எழுதக் கை வரவில்லை. பிரோஷ்காவிடம் நீட்டினேன், அவள் எழுத்து அழகு, கடைச் சீட்டெல்லாம் அவள்தான் எழுதுவாள். ஏப்ரலிலிருந்து சோறு, உப்பு, கதவு என்பதற்கு மேல் என்னிடம் பேசாதவள், பேனாவைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"நீ வித்த, நீ எழுது."

எழுதினேன். நீ சொன்னதை அவளிடம் சொன்னேன், குறுக்குக் கோடு பிரியவில்லை என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவில் போய் நின்று பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். உள்ளே வரவில்லை, நேராக வீட்டுக்குப் போய்விட்டாள்.

முதலில் கேட்டது கோல்கீப்பர் பையனின் அம்மா. லேஸ் வாங்க வந்தாள். "இது என்ன, பழசு மாதிரி இருக்கு, இவ்ளோ வெல? ஃபோரிண்ட்ல வேற?" என்று சிரித்தாள். சொன்னேன். முதலிலிருந்து கடைசி வரைக்கும், டெனெஷ் மாமா சொன்ன மாதிரியே. பாதியில் சிரிப்பு நின்றது. முடிந்ததும் லேஸை மேஜையில் வைத்தாள், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் ஏழு பேர் வந்தார்கள், ஒருவர் வாங்கவில்லை, ஏழு பேரும் கேட்டார்கள். தெரிந்துவிட்ட பிறகும் கேட்கிறார்கள். என் வாயால் கேட்க வேண்டுமாம். நம் ஆட்கள் அப்படித்தான்.

சாயங்காலம் டெனெஷ் மாமா வந்தார். உள்ளே வரவில்லை. கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்று சீட்டைப் படித்தார். விரலை வைத்து எண்ணிப் பார்த்தார், ஒரு சைபர் குறைத்தேனா என்று பார்க்கிற மாதிரி. குறைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கோலைப் பற்றிக் கேட்டாய். கல்யாண நாடாக்கள்தான் இருக்கின்றன, சிவப்பு, பச்சை, வெள்ளை, ஐடா கட்டினது. கறுப்பு ஒன்று, நடுவில், டெனெஷ் மாமா கட்டினது. புதைத்த அன்று சவப்பெட்டி மேலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார்.

ஆகவே ஒப்புக்கொண்டது இதுதான். ஏப்ரல் 18, டொமியின் வருஷம், காலை ஒன்பது மணி, டெனெஷ் மாமா வீட்டு வாசல். வருவதும் வராததும் உன் பாடு, நான் யாருக்கும் உன் சார்பில் வாக்குக் கொடுக்கவில்லை. வலது பக்கத்து இடத்தில் வேறு யாரும் நடக்க மாட்டார்கள். பட்டை கடை இருக்கிற வரைக்கும் கண்ணாடியில், தெருவைப் பார்த்து. சீட்டில் என் கையெழுத்தில்: எண் 17. விலை 4,200 ஃபோரிண்ட். விற்றது அம்ப்ருஷ்.